நிறமும் இலக்கணமும்: நிரல் தொகுப்பிகளில் தொடரியல் நிறந்தீட்டல் குறித்து

கணினி நிரலெழுதுவோர் நாள்தோறும் கையாளும் தொகுப்பிகளில், அவர்கள் தட்டெழுதும் வரிகள் பல நிறங்களில் தோன்றுகின்றன. கட்டளையைக் குறிக்கும் திறவுச்சொற்கள் ஒரு நிறத்திலும், மேற்கோட்குறிகளுக்கு இடைப்பட்ட சொற்கோவைகள் இன்னொரு நிறத்திலும், எண்கள் பிறிதொரு நிறத்திலும் காட்டப்பெறுகின்றன. நிரலெழுதுவோர் தமக்கும் பிறருக்குமாக எழுதிவைக்கும் குறிப்புரைகள் பெரும்பாலும் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒதுங்கி நிற்கின்றன. இதனைத் தொடரியல் நிறந்தீட்டல் எனலாம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். இந்நிறங்கள் நிரலில் இல்லை. கோப்பிற் சேமிக்கப்படுவது எழுத்துக்களின் நிரை மாத்திரமே. அதே கோப்பை வேறொரு தொகுப்பியில் திறப்பவருக்கு நிறங்கள் வேறாகத் தோன்றும், நிறமேயின்றியும் தோன்றலாம். ஆகவே நிறம் என்பது பாடத்தின் பகுதியன்று. பாடத்தின் மீது நிகழ்த்தப்படும் ஒரு வாசிப்பு. தமிழிலக்கிய மாணவருக்குப் பழக்கமான சொல்லிற் கூறுவதாயின், அது ஓர் உரை. மூலத்தைத் தொடாது, ஆனால் மூலத்தை இவ்வாறு நோக்குக எனக் கண்ணுக்கு வழிகாட்டும் உரை. உரைகாரர் யார், அவர் எவ்விலக்கணத்தைக் கைக்கொண்டார், எதனை முதன்மைப்படுத்தினார், எதனை ஒதுக்கினார் என்னும் வினாக்களைப் பரிமேலழகரிடத்தும் நச்சினார்க்கினியரிடத்தும் எழுப்பத் தயங்காத நாம், கணினித் திரையில் அன்றாடம் எம்முன் நிற்கும் இவ்வுரையிடம் அவற்றை எழுப்புவதில்லை.

இவ்வினாக்கள் எனக்கு ஏட்டளவில் எழுந்தவையல்ல. யாப்பருங்கல விருத்தியுரையின் சில பகுதிகளை, கற்பித்தல் தேவையின் பொருட்டு, மாணவர் சிலருடன் சேர்ந்து கணினி வாசிக்கத்தக்க அடையாளக்குறிகளுடன் பதிப்பிக்க முற்பட்டபோது எழுந்தவை. எழுதுவதற்கு நாம் பயன்படுத்தியது நிரலெழுதுவோரின் தொகுப்பியே. திரையில் நாம் கண்டது இதுதான்: கோண அடைப்புக்குள் நிற்கும் அடையாளக்குறிகள் பளிச்சென்ற நிறங்களில் ஒளிர்ந்தன, அவற்றினிடையே நூற்பாவும் உரையும் மேற்கோட் செய்யுளும் வேறுபாடின்றி ஒரே நிறத்தில், ஏதோ நிரப்புப்பொருள் போலக் கிடந்தன. தொகுப்பியின் இலக்கணத்துக்கு அடையாளக்குறியே பொருள். எமக்கோ அடையாளக்குறி வெறுங்கருவி. இம்முரண்பாட்டைத் தீர்க்கச் சென்றபோதுதான் நிறத்தை மாற்றுதல் வேறு, இலக்கணத்தை மாற்றுதல் வேறு என்பது புலனாயிற்று. இவ்வேறுபாடே இக்கட்டுரையின் பொருள்.

எழுத்தின் கூறுகளை நிறத்தால் வேறுபடுத்தல் கணினியோடு பிறந்த வழக்கமன்று. ஐரோப்பிய இடைக்காலக் கையெழுத்துப் படிகளில், கரிய மையில் பாடத்தை எழுதியபின் தலைப்புக்களையும் தொடக்கவெழுத்துக்களையும் செம்மையிற் பொறிப்பது தனித்த பணியாகப் பெரிதும் நடைபெற்றது. ஏறத்தாழ 1455இல் நிறைவெய்திய குட்டன்பேர்க்கின் விவிலியப் பதிப்பிலே, ஆரம்பத் தாள்கள் சிலவற்றில் தலைப்புக்கள் செம்மையில் அச்சிடப்பட்டன. பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டு, அவ்விடங்கள் கையால் எழுதப்படுவதற்காக வெறுமையாக விடப்பட்டன. ஒரே தாளை இருமுறை அச்சேற்றுவது இரட்டை உழைப்பு. நிறத்தின் இருப்பும் இன்மையும் அழகியல் விருப்பினால் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை. உற்பத்திக் கருவிகளும் உழைப்புப் பிரிவினையும் அவற்றைத் தீர்மானிக்கின்றன.

நிரலெழுத்தின் வரலாற்றிலும் இதனை அவதானிக்கலாம். 1960ஆம் ஆண்டின் அல்கோல் அறிக்கை, ஒரே நிரல்மொழிக்கு மூன்று நிலைகளை வகுத்தது: சான்றுமொழி, வெளியீட்டுமொழி, பொறிமொழி. அச்சில் அடிப்படைச் சொற்கள் தடித்த எழுத்தில் நின்றன. அக்காலத் துளையட்டைப் பொறிகளிலோ தடித்த எழுத்துக்கு இடமில்லை. ஆகவே அதே சொற்கள் மேற்கோட்குறி போன்ற அடையாளங்களால் வேலியிடப்பட்டன. மனிதர் படிக்கும் வடிவத்துக்கும் பொறி ஏற்கும் வடிவத்துக்கும் இடையிலான இப்பிளவைத் திரையிலே மீண்டும் இணைக்கும் முயற்சியாகவே பிற்கால நிறந்தீட்டலை நோக்குதல் தகும்.

இலக்கிய மாணவர் சிறப்பாக மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. எழுதும்பொழுதே பாடத்தைப் பகுத்து நிறமிட்டுக் காட்டிய முதற் தொகுப்பிகளுள் ஒன்று, நிரலெழுதுவோருக்காக அன்றி அகராதியாளருக்காகவே ஆக்கப்பட்டது. ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியைக் கணினிமயமாக்கும் திட்டம் 1984இல் தொடங்கியது. அத்திட்டத்துக்கு உதவும்பொருட்டு ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த மைக் கௌலிஷோ 1985இல் எழுதிய தொகுப்பி லெக்ஸ் என்பது. அது பற்றிய அவரது கட்டுரை 1987இல் வெளிவந்தது. அவ்வகராதியின் முதற்பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. தலைச்சொல் தடித்த எழுத்தில், சொற்பிறப்பு அடைப்புக்குள், மேற்கோள்கள் சிற்றெழுத்தில் என ஒவ்வொரு கூறும் அச்செழுத்தின் வேறுபாட்டாலேயே அதில் இனங்காட்டப்பட்டிருந்தது. அவ்வேறுபாடுகளை அடையாளக்குறிகளாக மாற்றிக் கணினிக்குள் ஏற்றியபோது, பக்கத்தில் இருந்த உருவம் மறைந்து, குறிகளின் அடர்ந்த காடு எஞ்சியது. அக்காட்டினுள் அகராதியாளர் வழிகாணவே நிறம் வேண்டப்பட்டது.

அக்குறிகளைத் தட்டெழுதியோர் யார்? 35 கோடிக்கு மேற்பட்ட எழுத்துக்களை ஐக்கிய அமெரிக்காவில் 120க்கு மேற்பட்ட தட்டெழுத்தாளர் ஏற்றினர்; இங்கிலாந்தில் 55 மெய்ப்புநோக்குநர் சரிபார்த்தனர். 1989இல் 20 தொகுதிகளாக இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. நிறந்தீட்டலின் வரலாற்றைக் கூறுவோர் கௌலிஷோவைக் குறிப்பிடுவர், குறிப்பிடத்தான் வேண்டும். அத்தட்டெழுத்தாளர்களின் உழைப்பு அவ்வரலாற்றில் இடம்பெறக் காண்பதரிது. ஆனால் நிறமிடுவதற்கு வேண்டிய பகுப்பைப் பாடத்துக்குள் கையால் இட்டவர்கள் அவர்களே.

நிறத்திரைகள் மலிந்த பின்னரே இவ்வசதி பரவியது. 1992இல் போர்லண்ட் நிறுவனத்தின் பஸ்கால் தொகுப்பியிலும், 1998இல் விம் தொகுப்பியின் ஐந்தாம் பதிப்பிலும் அது இடம்பெற்றது. இவ்விடைக்கால வரலாற்றை விரிக்க வேண்டியதில்லை. இன்று வழங்கும் அமைப்பின் உட்கூறுகளே எமக்கு முக்கியமானவை.

இன்றைய தொகுப்பிகளிற் பெரும்பாலானவற்றில் நிறந்தீட்டல் இரு அடுக்குகளாக நிகழ்கிறது. முதலாவது அடுக்கு இலக்கணம். எழுத்துக்கோலங்களை விவரிக்கும் வாய்பாடுகளின் தொகுதியாகிய அது, வரியில் உள்ள ஒவ்வொரு துண்டையும் இனங்கண்டு அதற்கு ஒரு வகைப்பெயர் சூட்டும். இது திறவுச்சொல், இது சரம், இது குறிப்புரை என்று கூறுவதோடு இலக்கணத்தின் பணி முடிந்துவிடும். நிறம் பற்றி அது எதுவும் அறியாது. இரண்டாவது அடுக்கு நிறத்திட்டம். இன்ன வகைப்பெயருக்கு இன்ன நிறம் என்னும் பட்டியலே அது. அதற்குப் பாடம் பற்றி எதுவும் தெரியாது. இரண்டுக்கும் இடையே நிற்பது வகைப்பெயர் ஒன்றுதான்.

தொகுப்பியைத் தம் விருப்புக்கு அமைத்துக்கொண்டதாகக் கூறுவோரிற் பெரும்பாலார் செய்வது இரண்டாவது அடுக்கில் மாற்றம் செய்வதே. ஆயிரக்கணக்கான நிறத்திட்டங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 2011இல் ஈதன் ஷூனோவர் வெளியிட்ட சொலரைஸ்ட் என்னும் திட்டம், 16 நிறங்களை ஒளிர்வளவின் அடிப்படையிற் கணித்து அமைத்தமையால் பெரும் புகழ் பெற்றது. அத்தகைய கவனமான உழைப்பைக் குறைத்து மதிப்பிடவேண்டியதில்லை. ஆயினும் திட்டத்தைத் தெரிவுசெய்பவர், வேறொருவர் வகுத்த வகைகளுக்கு வேறொருவர் கலந்த வர்ணங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்கிறார். சந்தை வழங்கும் தெரிவுச் சுதந்திரத்தின் இலட்சணம் இதுவென்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை.

அவ்வகைகளை வகுத்தவர் யார்? 2004இல் அலன் ஓட்கார்ட் என்பவர் மக்கின்டொஷ் கணினிகளுக்காக ரெக்ஸ்ட்மேட் என்னும் தொகுப்பியை வெளியிட்டார். அதன் கையேடு வகைப்பெயர்களுக்கு 11 வேர்களைப் பரிந்துரைத்தது: குறிப்புரை, மாறிலி, பெயருடைப் பொருள், பிழையானது, திறவுச்சொல், எடுப்புநடை, உட்பொருள், களஞ்சியம், சரம், துணை, மாறி எனத் தமிழில் அவற்றைக் கூறலாம். ஒவ்வொரு வேரின் கீழும் புள்ளியிட்டுக் கிளைப்பெயர்களைச் சேர்க்கலாம். பின்வந்த சப்லைம் ரெக்ஸ்ட், 2022இல் நிறுத்தப்பட்ட அட்டொம், 2015 முதல் வழங்கும் விஷுவல் ஸ்டூடியோ கோட் ஆகியன இம்முறையையே சுவீகரித்துக்கொண்டன. ஒரு தொகுப்பிக்கு வசதியாக ஒருவர் வகுத்த பட்டியல், யாரும் சட்டமியற்றாமலே, உலகெங்கும் நிரல் வாசிக்கும் கண்களுக்கு இலக்கணமாயிற்று. கிராம்ஷி மேலாண்மை எனக் கூறியது வற்புறுத்தலின்றி, பொதுப்புத்தியாக நிலைபெறும் அதிகாரத்தையே. 11 வேர்களுக்குப் புறம்பாக ஒரு வகையை எவரும் தாராளமாக உருவாக்கலாம்; தடையில்லை. ஆனால் எந்த நிறத்திட்டமும் அதனை அறியாது. அது திரையில் நிறமற்றதாகவே நிற்கும்.

வாய்பாடுகளின் இயல்பு பற்றியும் சிறிது கூறவேண்டும். ரெக்ஸ்ட்மேட் மரபின் இலக்கணம் பாடத்தை வரிவரியாகவே வாசிக்கின்றது. ஒரு கோலம் இரு வரிகளைத் தாண்டிப் பொருந்தாது. நீண்ட பகுதிகளைத் தொடக்கக்கோலம், முடிவுக்கோலம் என்னும் இரண்டால் மாத்திரமே எல்லைகட்டலாம். முடிவுக்கோலம் கிட்டாவிடின் அந்நிறம் கோப்பின் இறுதிவரை வழிந்தோடும். இக்குறை எமக்கு ஒருவகையில் வரமாயிற்று: மூடப்படாத அடையாளக்குறியை இவ்வழிவே காட்டிக்கொடுத்தது. இதற்கு மாறாக, மக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய ட்ரீ-சிட்டர் என்னும் கருவி, நிரலை முழுமையாகப் பகுத்து ஒரு தொடரியல் மரத்தைக் கட்டியெழுப்பி, எழுத்து மாறுந்தோறும் அம்மரத்தின் மாறிய கிளையை மாத்திரம் புதுப்பிக்கின்றது. 2018 முதல் அட்டொமிலும், 2021 முதல் நியோவிம் தொகுப்பியிலும் அது வழங்கலாயிற்று. 2020 முதல் விஷுவல் ஸ்டூடியோ கோட், மொழியின் பொருளை அறிந்த தனிச்சேவை ஒன்றைக் கேட்டு, ஒரு பெயர் சார்பின் உள்ளீடா அல்லது சாதாரண மாறியா என்பதையும் நிறத்தால் வேறுபடுத்த வல்லதாயிற்று. பகுப்பு நுண்மையாகியுள்ளது; எதனை முதன்மைப்படுத்துவது என்னும் வினா அப்படியே இருக்கின்றது.

அவ்வினாவுக்கு வருவோம். தொல்காப்பிய மரபு சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காக வகுத்து, பெயரையும் வினையையும் முதன்மையாகக் கொள்ளும். இடைச்சொல் அவற்றைச் சார்ந்து இயங்குவது. வழக்கமான நிறத்திட்டங்களில் மிகுந்து ஒளிர்வன ‘எனின்’, ‘அன்றேல்’, ‘வரை’ என்பவற்றுக்கு நேரான திறவுச்சொற்கள்: ஏறத்தாழ இடைச்சொற்கள். ஒரு நிரல்மொழியில் இவை சில பத்துக்களே. பயின்றவர் அவற்றை நோக்காமலே அறிவர். நிரலெழுதுவோர் தம் உலகறிவைப் பொதிந்து வைப்பது அவர் தாமே சூட்டும் பெயர்களில். சம்பளம், கழிவு, வருகை என்றெல்லாம் சமூக உறவுகள் நிரலுக்குள் நுழைவது இப்பெயர்களின் வழியேதான். பல திட்டங்களில் அவையே நிறமற்று நிற்கின்றன. ஒவ்வொரு மாறிக்கும் தனித்தனி நிறம் கொடுத்து, திறவுச்சொற்களை நிறமின்றி விடும் மாற்றுமுறையைச் சிலர் பரீட்சித்துள்ளனர். ஒரு பெயர் எங்கு பிறந்து எங்கெல்லாம் சென்று சேருகின்றது என்பதைக் கண் தொடர்ந்து செல்ல அது உதவுகின்றது.

குறிப்புரைகளின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் பொறி, குறிப்புரையைப் பொருட்படுத்தாது நீக்கிவிடும். இயந்திரம் எதனைப் புறக்கணிக்கின்றதோ அதனையே கண்ணும் புறக்கணிக்குமாறு சாம்பல் நிறம் எம்மைப் பழக்குகின்றது. ஆனால் நிரலில் ஓர் உழைப்பாளி தனக்குப் பின் அப்பணியை ஏற்கவிருக்கும் இன்னோர் உழைப்பாளியிடம் நேராகப் பேசும் இடம் குறிப்புரை ஒன்றே. இவ்வழி ஏன் தெரிவுசெய்யப்பட்டது, இவ்விடத்தில் என்ன ஆபத்து உண்டு என்பன அங்கேதான் உள்ளன. குறிப்புரைகள் காலங்கடந்து பொய்த்துப்போவதும் உண்டு, ஆகவே அவை ஒதுங்கி நிற்பதே நன்று என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மையில்லாமலில்லை. எனினும் பொய்த்த குறிப்புரை திருத்தப்படாமற் கிடப்பதற்கு, அது எவர் கண்ணிலும் படாமையும் ஒரு காரணமன்றோ? வாசிப்பெளிமைக்கான சர்வதேச வழிகாட்டிகள் சாதாரண எழுத்துக்குப் பின்புலத்தோடு 4.5க்கு 1 என்னும் ஒளிர்வு விகிதத்தைக் கேட்கின்றன. புகழ்பெற்ற திட்டங்கள் பலவற்றில் குறிப்புரைகள் இவ்வளவை எட்டுவதில்லை.

நிறந்தீட்டல் உண்மையில் விளக்கத்துக்கு உதவுகின்றதா என்பதும் முடிந்த முடிபன்று. 2015இல் அத்வைத் சர்க்கார் பத்துப் பேரைக் கொண்டு நடத்திய சிற்றாய்வு, நிறம் இருக்கையில் பணி விரைவாக முடிவதாகவும், அனுபவம் கூடக்கூட இப்பயன் குறைவதாகவும் கண்டது. 2018இல் ஹன்னபாவர் முதலியோர் 390 தொடக்கநிலை மாணவரைக் கொண்டு வெளியிட்ட ஆய்வோ, நிரலை விளங்கிக்கொள்வதில் நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதனையும் காணவில்லை. நிறம் தன்னளவில் அறிவூட்டும் என நம்புவதற்கு ஆதாரம் போதாது. எமது அனுபவத்தில், வாசகரின் வினாவுக்கும் நிறத்தின் வகுப்புக்கும் பொருத்தம் இருக்கையிலேயே அது பயன் தந்தது.

இவ்விலக்கணங்கள் தமிழைச் சந்திக்கையில் நிகழ்வது தனியே நோக்கத்தக்கது. 2008இல் வெளிவந்த பைதன் மூன்றாம் பதிப்பு முதலாக, அம்மொழியில் மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழிலேயே பெயரிடலாம். மொழி ஏற்கின்றது, ஆனால் ‘பெயர் என்பது ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றால் ஆனது’ என எழுதப்பட்ட பழைய வாய்பாடுகள் அதனை ஏற்பதில்லை. இயங்கும் நிரலில் தமிழ்ப்பெயர் மாத்திரம் நிறமின்றி நிற்கும். பயிலும் மாணவர் தாம் பிழை செய்துவிட்டதாகக் கருதுவர்.

எல்லா மொழி எழுத்துக்களையும் அனுமதிக்கும் வாய்பாட்டிலும் சிக்கல் தீர்வதில்லை. எமது இலக்கண மரபில் உயிர்மெய் ஓரெழுத்து. யூனிகோட் நியமத்திலோ ‘க’ எழுத்து. அதன்மேல் ஏறும் உயிர்க்குறியும் புள்ளியும் எழுத்தல்ல, ‘குறி’ என்னும் வேறு வகுப்பு. ‘எழுத்து மாத்திரம்’ எனக் கோரும் வாய்பாடு ‘நிறம்’ என்னும் சொல்லில் ‘ந’ வரை சென்று நின்றுவிடும். முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஆய்வுக் கட்டுரையாக அறிமுகப்படுத்திய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை எடுத்துக்கொள்வோம். அதில் நிபந்தனை முன்னேயும் ‘ஆனால்’ என்னும் சொல் பின்னேயும் வரும். தமிழ்த் தொடரின் போக்குக்கு அது இயைபானது. ஒரு பகுதி முடிவுறுவதைக் குறிப்பது ‘முடி’ என்னும் திறவுச்சொல். சொல்லெல்லையைக் காணும் வழக்கமான வாய்பாட்டைக் கொண்டு, பைதன் மொழியோடு வரும் கோலத்தேடல் நூலகத்தில் இச்சொல்லைத் தேடினால், விளைவு விசித்திரமானது. இகரக்குறியை அந்நூலகம் சொல்லின் உறுப்பாக எண்ணுவதில்லை. ஆகவே தனித்து நிற்கும் ‘முடி’யின் இறுதியில் அது சொல்லெல்லையைக் காணாது, ‘முடிவு’ என்னும் மாறியினுள், இகரக்குறிக்கும் வகரத்துக்கும் இடையே எல்லையைக் கண்டுவிடும். உண்மைத் திறவுச்சொல் நிறமற்று நிற்க, மாறியின் முற்பாதி திறவுச்சொல்லாக ஒளிரும்! யாரும் தமிழை ஒதுக்கவேண்டுமென்று கருதி இதனைச் செய்யவில்லை. சொல் என்றால் என்ன என்பதற்கு ஓர் எழுத்துமுறையின் அனுபவத்தைப் பொதுவிதியாகக் கொண்டதன் பெறுபேறு இது. ‘குறி’ வகுப்பையும் சேர்த்து, எல்லையை நாமே வாய்பாட்டில் வரையறுப்பதே பரிகாரம்.

இனி, மாற்றியமைக்கும் வழியைக் கூறலாம். முதலிற் செய்யவேண்டியது விசாரணை. சுட்டி நிற்கும் துண்டுக்கு எவ்வகைப்பெயர் சூட்டப்பட்டுள்ளது, எவ்விதியால் இந்நிறம் வந்தது என்பதைக் காட்டும் ஆய்வுக் கருவி விஷுவல் ஸ்டூடியோ கோடில் உண்டு. பெயர் தெரிந்தபின், பயனாளரின் அமைப்புக்கோப்பில் அவ்வகைக்கு மாத்திரம் புதிய நிறத்தையோ தடித்த, சாய்ந்த, அடிக்கோடிட்ட வடிவத்தையோ விதிக்கலாம். குறிப்புரைகளைச் சாம்பலிலிருந்து மீட்பதற்கு இதுவே போதும். இலக்கணத்திற் கைவைக்க வேண்டுமாயின், உள்ளமைந்த கோப்பைத் திருத்துதல் தகாது. அடுத்த பதிப்பு அதனை அழித்துவிடும். விம் தொகுப்பியில், மூலவிதிகளுக்குப் பின் வாசிக்கப்படும் தனிக்கோப்புறை இதற்கென உண்டு. விஷுவல் ஸ்டூடியோ கோடில், ஏற்கெனவே உள்ள இலக்கணத்தினுள் எமது விதிகளைச் செலுத்தும் ஒரு சிறு நீட்சியை எழுதலாம். நாம் எழுதியது அத்தகைய ஒன்றே.

நூற்பா, உரை, மேற்கோட் செய்யுள் என மூன்று வகைகளை முதலில் வகுத்தோம். முதற்கிழமையே தவறு நேர்ந்தது. மேற்கோட் செய்யுளைத் தொடங்கும் அடையாளக்குறி நீண்டு இரு வரிகளாக உடைந்திருந்த இடங்களில் எமது வாய்பாடு பொருந்தவில்லை. அச்செய்யுள்கள் உரையின் நிறத்திலேயே கலந்து நின்றன. நிறத்தை நம்பி வாசித்த மாணவர் ஒருவர் அவற்றுள் ஒன்றை உரையாசிரியரின் சொந்த வாக்கியமாகக் கொண்டு குறிப்பெழுதிவிட்டார். விருத்தியுரையில் இத்தவறு சிறிதன்று. மறைந்துபோன நூல்கள் பலவற்றின் எச்சங்கள் எமக்குக் கிடைப்பது இத்தகைய உரைகளின் மேற்கோள்களிலேயே. அடையாளக்குறிகளை ஒரே வரியில் எழுதுவதென விதி செய்துகொண்டோம்.

அடுத்து வந்தது பெயர்ச் சிக்கல். நாமே சூட்டிய வகைப்பெயர்களை எந்த நிறத்திட்டமும் அறியாமையால், எமது கோப்புகளைப் பெற்ற பிறர் திரையில் யாவும் நிறமற்றே தோன்றின. ஆங்கில வேர்ப்பெயர்களுக்குள் அவற்றைப் புகுத்தலாம் என்றனர் மாணவர். உரைக்கு நேரானது குறிப்புரை என்னும் வேரே என்பது ஒருவரின் முன்மொழிவு. மொழிபெயர்ப்பு என்ற அளவில் அதிற் குற்றம் காணமுடியாது. செய்து பார்த்தோம். நூற்பாவைவிடப் பன்மடங்கு விரிந்த, இந்நூலின் பெருமைக்கே காரணமான விருத்தியுரை முழுவதும் சாம்பலில் அமிழ்ந்தது. இன்னொருவர், மூலநூல் இனங்காணப்படாத மேற்கோள்களுக்குப் ‘பிழையானது’ என்னும் வேரைச் சூட்டியிருந்தார். செந்நிறம் கண்ணிற் படும் என்பது அவர் நியாயம். அறியப்படாத புலவனின் செய்யுள் தவறாக எழுதப்பட்ட நிரல்வரிபோல் திரையில் நின்றது. அச்செந்நிறத்தைப் பச்சையிலிருந்து பிரித்தறிய முடியாத ஒருவரும் எம்மிடையே இருந்தார். வட ஐரோப்பிய வழிவந்த ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் வரை சிவப்பு, பச்சை வேறுபாட்டை நன்கறியார் என்பது மருத்துவம் அறிந்தது. நிறத்தை மாத்திரம் நம்பும் எக்குறியீடும் எங்கும் சிலரை வெளியே நிறுத்திவிடும்.

இறுதியில் இரட்டைப் பெயர் முறையைக் கைக்கொண்டோம். ஒரு துண்டுக்கு இரு வகைப்பெயர்களை இடைவெளிவிட்டுச் சூட்ட இவ்விலக்கண முறை இடந்தருகின்றது. நூற்பாவுக்கு எமது பெயரோடு எடுப்புநடை வேரின் தலைப்பு என்னும் கிளைப்பெயரையும், மேற்கோட் செய்யுளுக்கு எமது பெயரோடு அவ்வேரின் மேற்கோள் என்னும் கிளைப்பெயரையும் சேர்த்தோம். பிறர் திரையில் அவை ஏதோவொரு நிறத்துடன் தோன்றும். எமது அமைப்புக்கோப்பை உடையோர் எமது வகுப்பைக் காண்பர். உரைக்கு எமது பெயர் ஒன்றையே வைத்துக்கொண்டோம். அதற்கு ஒத்த வேர் அப்பதினொன்றில் இல்லை. நிறமின்றி, ஆயின் மங்காமல், அது திரையின் இயல்பான எழுத்து நிறத்தில் நிற்கின்றது. அடையாளக்குறிகளை மங்கச் செய்துவிட்டோம். மூலநூல் இனங்காணப்படாத செய்யுள்கள் அடிக்கோடிட்டு நிற்கின்றன. ஒன்று இனங்காணப்படுந்தோறும் அதற்குரிய குறியை மாற்றுகின்றோம், கோடு நீங்கிவிடுகின்றது.